டெல்லியா, சென்னையா?

பிளஸ் டூ முடிவு வந்த சில நாட்களில் பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. மகள் டெல்லிக்கான க்யூட் நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். அதற்குள் சென்னைக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. பொருளாதாரத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். "கையில இருக்கிறத விட்டுட்டு டெல்லிக்குக் காத்திருக்கணுமாம்மா?" என்கிறார் அப்பா. "டெல்லி யுனிவர்சிட்டிப்பா!" என்கிறாள் மகள். "மெட்ராஸ் யுனிவர்சிட்டி மட்டும் என்ன லேசா? 1857லயே வந்தது" என்று நடுவில் நுழைகிறார் சித்தப்பா.

மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூவரும் இரண்டு பெயர்களை வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். இளநிலைப் படிப்பைப் பொறுத்தவரை அந்தப் பெயர்கள் பட்டச் சான்றிதழின் உச்சியில் அச்சாகும் எழுத்துகள். மாணவி மூன்று, நான்கு ஆண்டுகள் வாழப்போவது ஒரு கல்லூரியின் ஒரு துறையில். இரண்டு பல்கலைக்கழகங்களும் இயங்கும் விதம் தெரிந்தால் இது விளங்கும். கலை, அறிவியல், வணிகவியல் படிப்புகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

ஒரு பெயர், பல வாசல்கள்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5 அன்று லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு தொடங்கப்பட்டது. அந்த முன்மாதிரியின்படி கற்பிப்பது கல்லூரியின் வேலை. தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் வேலை. மாநிலக் கல்லூரி (1840), பச்சையப்பன் கல்லூரி (1842) போன்றவை பல்கலைக்கழகத்துக்கும் முன்பே பிறந்தவை. இராணி மேரி (1914), லயோலா (1925), ஸ்டெல்லா மாரிஸ் (1947), எத்திராஜ் (1948) ஆகியவை பின்னால் வந்தன. சேப்பாக்கம், கிண்டி, தரமணி வளாகங்களில் நடப்பவை பெரும்பாலும் முதுநிலைப் படிப்பும் ஆய்வும்தான். "மெட்ராஸ் யுனிவர்சிட்டியில் பி.ஏ. படிக்கிறேன்" என்பவர் கடற்கரை எதிரிலுள்ள செனட் கட்டடத்துக்குள் ஒருமுறைகூடக் கால் வைக்காமலே பட்டம் வாங்கிவிடலாம்.

டெல்லிப் பல்கலைக்கழகம் 1922-இல் செயின்ட் ஸ்டீபன்ஸ், இந்து, ராம்ஜாஸ் என்ற மூன்று கல்லூரிகளோடு தொடங்கியது. இன்று ஏறத்தாழ 70 கல்லூரிகளில் ஆண்டுக்கு 70,000 அளவில் இளநிலை இடங்களை நிரப்புகிறது. விஸ்வவித்யாலயா மெட்ரோ நிலையத்தை ஒட்டிய வடக்கு வளாகத்தில் இந்து, மிராண்டா ஹவுஸ், ஹன்ஸ்ராஜ், ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. தெற்கு வளாகத்தை ஒட்டி, திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரி இருக்கிறது. மற்றவை நகரம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அஞ்சல்வழியில் கற்பிக்கும் திறந்தநிலைக் கல்விப் பள்ளியும் இதே பல்கலைக்கழகத்தின் அங்கம்தான். ஆகவே "டெல்லி யுனிவர்சிட்டியில் இடம்" என்றால் அது மிராண்டா ஹவுஸாகவும் இருக்கலாம், நகரின் ஓரத்தில் நீங்கள் பெயரே கேட்டிராத கல்லூரியாகவும் இருக்கலாம்.

மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் 2023-ஆம் ஆண்டின் கல்லூரிப் பட்டியலைப் பாருங்கள். முதலிடம் மிராண்டா ஹவுஸ், இரண்டாமிடம் இந்து கல்லூரி, மூன்றாமிடம் சென்னை மாநிலக் கல்லூரி. நம் வீட்டு வாதத்தின் இரு தரப்பும் முதல் மூன்றுக்குள் வந்துவிடுகிறது. அதே நேரம் இந்தப் பட்டியல் கல்லூரியை முழுதாக எடைபோடுகிறது. அதிலுள்ள பொருளாதாரத் துறை எப்படி, வரலாற்றுத் துறை எப்படி என்று சொல்வதில்லை.

பாடமும் தேர்வும்

டெல்லியில் எல்லாக் கல்லூரிகளுக்கும் பாடத்திட்டம் ஒன்று. பருவ இறுதித் தேர்வின் வினாத்தாளும் ஒன்று. பேர்போன கல்லூரியின் மாணவியும் பெயர் தெரியாத கல்லூரியின் மாணவரும் ஒரே கேள்விக்குத்தான் விடை எழுதுகிறார்கள். அங்கே ஒரு கல்லூரியை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது ஆசிரியர்களும், உடன் படிப்பவர்களும், விவாத மன்றம், நாடகக்குழு போன்ற மாணவர் அமைப்புகளும்தான்.

சென்னையில் மாநிலக் கல்லூரி, இராணி மேரி, லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, ஸ்டெல்லா மாரிஸ், எத்திராஜ் எல்லாம் தன்னாட்சிக் கல்லூரிகள். பாடத்திட்டத்தை வகுப்பதும், வினாத்தாள் தயாரிப்பதும், விடைத்தாள் திருத்துவதும் அவர்களே. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். எனவே ஒரே பி.ஏ. பொருளாதாரம் இரண்டு கல்லூரிகளில் இரண்டு விதமாக இருக்கும். ஒன்றில் கணிதமும் புள்ளியியலும் கனமாக இருக்கும், இன்னொன்றில் தொட்டுக்கொள்ள மட்டும் இருக்கும். பாடத்திட்டத்தைப் பெரும்பாலான கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, இரண்டாம் ஆண்டுப் பாடங்களின் பெயர்களையாவது படித்துவிடுங்கள். முதலாம் ஆண்டு எங்கும் ஏறத்தாழ ஒன்றுபோல்தான் இருக்கும்.

உள்ளே போகும் வழி

சென்னையில் நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு மாநிலம் முழுமைக்கும் ஒரே இணைய விண்ணப்பம். அரசு உதவிபெறும் கல்லூரிகளும் சுயநிதிக் கல்லூரிகளும் தனித்தனியாக விண்ணப்பம் வாங்குகின்றன. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று 'ஷிஃப்ட்'. உதவிபெறும் கல்லூரி பலவற்றில் காலை ஷிஃப்ட் அரசு உதவியில் நடக்கும், கட்டணம் குறைவு. மாலை ஷிஃப்ட் சுயநிதி, கட்டணம் பல மடங்கு. கல்லூரிப் பெயர் ஒன்றுதான், வாசலும் ஒன்றுதான். ரசீதில் இருக்கும் தொகை வேறு.

டெல்லியிலும் 2021 வரை பிளஸ் டூ மதிப்பெண்தான். ஒவ்வொரு கல்லூரியும் கட்-ஆஃப் வெளியிடும். அந்த ஆண்டு சில படிப்புகளுக்கு அது 100 சதவீதத்தையே தொட்டது. பல மாநிலப் பாடத்திட்ட வாரியங்களின் மதிப்பெண்களை ஒரே தராசில் வைப்பதிலும் சிக்கல் இருந்தது. 2022 முதல் க்யூட் பொதுத் தேர்வு வந்தது. 2025-இன் முறைப்படி ஒரு பாடத்துக்கு 50 கேள்விகள், 60 நிமிடம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். ஒருவர் ஐந்து பாடங்கள் வரை எழுதலாம்.

தமிழ்நாட்டு மாணவர்கள் இதில் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, பாடக் கேள்விகள் என்சிஇஆர்டி புத்தகத்தை ஒட்டி வரும். மாநிலப் பாடத்திட்டத்தில் 590 வாங்கியவர்கூட அந்தப் புத்தகங்களைப் புரட்டாமல் போனால் தடுமாறுவார். இரண்டு, மொழித் தேர்வை எழுதக்கூடிய 13 மொழிகளில் தமிழும் உண்டு. ஆனால் எந்தப் படிப்புக்கு எந்தப் பாடங்கள் வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் விதி. டெல்லியில் பி.ஏ. ஆனர்ஸ் பொருளாதாரத்துக்குக் கணக்குப் பாடம் கட்டாயம். தேர்வு விண்ணப்பத்திலேயே தவறான பாடங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பிறகு எவ்வளவு மதிப்பெண் வாங்கியும் பயனில்லை. பிசினஸ் மேத்ஸ் படித்தவர்கள் தங்கள் பாடம் ஏற்கப்படுமா என்பதை அந்த ஆண்டின் தகவல் அறிக்கையில் பார்த்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும்.

க்யூட் எழுதினால் மட்டும் போதாது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் இடஒதுக்கீட்டுத் தளத்தில் தனியாகப் பதிந்து, 'இந்தக் கல்லூரியில் இந்தப் படிப்பு' என்று விருப்பப் பட்டியல் கொடுக்க வேண்டும். நம் பொறியியல் கலந்தாய்வில் சாய்ஸ் கொடுப்பது போலத்தான். முதலில் ஒதுக்கப்படும் இடத்தைக் குறித்த காலத்துக்குள் ஏற்காவிட்டால் வரிசையிலிருந்தே வெளியேற வேண்டியதுதான். ஏற்றுக்கொண்டு பணம் கட்டியபின் 'ஃப்ரீஸ்' செய்து அங்கேயே நிற்கலாம். 'அப்கிரேட்' கொடுத்து, பட்டியலில் அதற்கு மேலே நீங்கள் எழுதிய இடங்களுக்கு முயலலாம். மேலே போனால் பழைய இடம் தானாகவே கைவிட்டுப் போகும். அதனால் உண்மையில் போய்ப் படிக்க விரும்பாத கல்லூரியைப் பெயருக்காகப் பட்டியலின் மேலே வைக்காதீர்கள்.

சான்றிதழில் தடுக்கி விழ வேண்டாம்

ஆண்டுதோறும் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகள் இடறும் இடம் இது. தமிழ்நாட்டின் இடஒதுக்கீடு 69 சதவீதம்: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1. வசதி படைத்தவர்களை ஒதுக்கீட்டிலிருந்து விலக்கும் கிரீமி லேயர் இங்கே கிடையாது. டெல்லி, மத்தியப் பல்கலைக்கழகம். அங்கே ஓபிசி 27, பட்டியல் சாதியினர் 15, பழங்குடியினர் 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் 10. சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகளில் இரு ஊரிலும் விதிகள் வேறு.

நம்மிடமுள்ள பிசி, எம்பிசி சான்றிதழ் டெல்லியில் ஓபிசி சான்றிதழாகச் செல்லாது. முதலில் உங்கள் சமூகம் மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயரில் வராதவர் என்ற தனிச் சான்றிதழ் வேண்டும். அதுவும் அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியர் அலுவலகம் வழியாக அது கைக்கு வர நாளாகும். இடம் கிடைத்தபின் ஓடத் தொடங்கினால் கெடு தாண்டிவிடும், ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். மற்றொரு பக்கம், வருமானம் குறைந்த ஓசி குடும்பத்துப் பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் இல்லாத 10 சதவீத ஒதுக்கீடு டெல்லியில் உண்டு. பலர் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தையே கவனிப்பதில்லை.

மூன்று ஆண்டா, நான்கு ஆண்டா

டெல்லியில் 2022-23 முதல் இளநிலை நான்காண்டுக் கட்டமைப்பில் நடக்கிறது. மூன்றாண்டு முடித்துப் பட்டத்தோடு வெளியேறலாம். நான்காம் ஆண்டும் படித்தால் கூடுதல் தகுதியோடு வெளிவரலாம். தமிழ்நாடு மூன்றாண்டுப் பட்டத்தையே தொடர்கிறது.

இதில் எது மேல் என்பது மாணவியின் அடுத்த அடியைப் பொறுத்தது. குடிமைப்பணித் தேர்வு, வங்கித் தேர்வு, சட்டம், எம்பிஏ என்று போகிறவர்களுக்கு மூன்றாண்டுப் பட்டம் போதும்; ஓராண்டும் மிச்சம். ஆய்வுப் பக்கம் போகிறவர்களுக்கும், பள்ளியோடு சேர்த்து 16 ஆண்டுக் கல்வி கேட்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களைக் குறிவைப்பவர்களுக்கும் நான்காம் ஆண்டு உதவும். நான்காண்டு படித்தவர்களுக்கு முதுநிலையை ஓராண்டில் முடிக்கும் வழியும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிகளில் உண்டு. டெல்லியிலும் மூன்றாம் ஆண்டு முடிவில் யோசித்துக்கொள்ளலாம் என்பதால் இதை முன்னிட்டுப் பதற்றப்பட வேண்டியதில்லை.

மொழியும் தமிழ்வழியும்

டெல்லியில் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் தேர்வு எழுத முடியும். வகுப்பில் ஆங்கிலம் நடந்தாலும் கேன்டீனிலும் விடுதி வராந்தாவிலும் இந்தி ஓடும். முதல் பருவத்தில் அது தனிமையாக உறுத்தும். பெரும்பாலானவர்கள் ஓராண்டுக்குள் பேச்சுக்குத் தேவையான அளவு பழகிக்கொள்கிறார்கள். ஆர்.கே.புரத்தில் டெல்லித் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. இட்லி, சாம்பாருக்கும் பஞ்சமில்லை. இவை ஆறுதலுக்கு உதவும். படிப்பைத் தீர்மானிக்கப் போதாது.

தீர்மானிக்கக்கூடிய ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாடு அரசுப் பணி நியமனங்களில், தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010-இல் சட்டமானது. 2020-இன் திருத்தத்துக்குப் பிறகு, பள்ளியிலிருந்து அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை முழுவதையும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் வந்த ஒரு மாணவர், குரூப்-1, குரூப்-2 என்ற கனவோடு இருந்தால், டெல்லிப் பட்டம் வாங்கிய நாளில் பட்டத் தகுதி கேட்கும் பணிகளுக்கான இந்த முன்னுரிமையை இழக்கிறார். அதே மாணவர் சென்னையில் அரசுக் கல்லூரி ஒன்றில் தமிழ்வழிப் பி.ஏ. எடுத்தால் அது கையில் இருக்கும். ஐஏஎஸ் தேர்வுதான் இலக்கு, அல்லது தேசிய அளவிலான ஆய்வு நிறுவனங்கள்தான் இலக்கு என்றால் இந்தக் கணக்கு மாறிவிடும்.

செலவைச் சரியாக எழுதுங்கள்

டெல்லியில் கல்லூரிக் கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி மாறினாலும், பொதுவாக நம் சுயநிதி ஷிஃப்ட்டுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதிகமாகத் தெரியாது. பணத்தைக் கரைப்பது தங்குமிடம். எல்லாக் கல்லூரிக்கும் விடுதி கிடையாது. விடுதியுள்ள கல்லூரியிலும் எல்லோருக்கும் அறை கிடைப்பதில்லை. அறை கிடைக்காதவர்கள் வடக்கு வளாகம் என்றால் கமலா நகர், விஜய் நகர், தெற்கு என்றால் சத்ய நிகேதன் பக்கம் பி.ஜி. வீடுகளில் தங்குகிறார்கள். மாத வாடகை, சாப்பாடு, குளிருக்கான துணி, நவம்பர் புகைமூட்டத்தில் வரும் இருமலுக்கான மருந்து எல்லாம் கணக்கில் வர வேண்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் இரண்டு இரவும் ஒரு பகலும். பொங்கலுக்கு எட்டிப் பார்க்க முடியாது. தீபாவளிக்கே யோசிக்க வேண்டியிருக்கும்.

ஆனால் இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். அம்பத்தூரில் வீடு இருப்பவருக்குத்தான் சென்னை என்பது வீட்டுச் சாப்பாடு. தென்காசியிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வரும் பிள்ளைக்குச் சென்னையும் வெளியூர்தான். அங்கேயும் விடுதி, அங்கேயும் வாடகை. அவர்கள் டெல்லியின் முழுச் செலவைச் சென்னையின் கட்டணத்தோடு மட்டும் ஒப்பிட்டு, "டெல்லி கட்டுப்படியாகாது" என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் தங்கும் செலவைச் சேர்த்தால் இடைவெளி சுருங்கும். மறுபக்கம், சென்னையில் தமிழ்நாடு அரசின் சமூகநீதி விடுதியில் இடம் கிடைத்தால் செலவு பெருமளவு இறங்கும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரும். ஒரு தாளை நடுவில் மடித்து இரண்டு ஊரின் செலவையும் இரண்டு பத்தியாக எழுதினால் உண்மைத் தொகை தெரிந்துவிடும்.

காலண்டர் இடிக்கும் இடம்

சென்னைக் கல்லூரிகள் மே, ஜூனில் இடத்தை நிரப்பிவிடுகின்றன. டெல்லியின் ஒதுக்கீடு பெரும்பாலும் ஜூலை தாண்டித்தான் சூடு பிடிக்கிறது. அதனால் சென்னையில் சேர்ந்துகொண்டே டெல்லிக்குக் காத்திருப்பது பலரின் வழக்கம். அதில் தவறில்லை, இரண்டு விஷயங்களில் தெளிவாக இருந்தால். சேர்ந்தபின் விலகினால் பணம் எவ்வளவு திரும்பும், எந்தத் தேதி வரை என்பதை யுஜிசி ஆண்டுதோறும் அறிவிக்கிறது. அந்த ஆண்டின் அறிவிப்பையும் கல்லூரியின் விதியையும் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்வசம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-இலேயே யுஜிசி சொல்லிவிட்டது. சரிபார்த்தபின் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். டிசி மட்டும் கல்லூரியிடம் போகும் என்பதால் அதற்கு நகல்கள் எடுத்து வையுங்கள்.

முடிவெடுக்கும் நாள்

இனி அந்த வீட்டுக்குத் திரும்புவோம். வெள்ளிக்கிழமைக்குள் சென்னையில் பணம் கட்டலாம். அதனால் டெல்லிக் கதவு மூடிவிடாது. டெல்லியில் இடம் வரும் நாளில் வீட்டில் எழ வேண்டிய கேள்வி, வந்தது எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்பதுதான். அவள் முதலில் எழுதிய ஐந்தாறு இடங்களில் ஒன்றும், விடுதியும் கிடைத்து, வீட்டுப் பொருளாதாரம் தாங்கும் என்றால் ரயில் ஏறலாம். பொருளாதாரம் கேட்டு, பட்டியலின் அடியில் வேறு படிப்பும் தெரியாத கல்லூரியும் வந்திருந்தால், சென்னையில் கையிலிருக்கும் பொருளாதாரமே மேல். பல்கலைக்கழகத்தின் பெயருக்காகப் பிடிக்காத பாடத்தை மூன்றாண்டு படிப்பது கடினம்.

கடைசியாக ஒரு வேலை. இரண்டு ஊரிலும் அந்தத் துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். பள்ளி சீனியரோ, பக்கத்துத் தெரு அண்ணனோ, உறவுக்காரரின் மகளோ யாராவது இருப்பார்கள். "காலேஜ் எப்படி?" என்று கேட்டால் "சூப்பர்" என்பார்கள். அதை விட்டுவிட்டு, போன வாரம் எத்தனை வகுப்பு ஒழுங்காக நடந்தது, உங்கள் துறையில் எத்தனை நிரந்தர ஆசிரியர்கள் இருக்கிறார்கள், போன ஆண்டு முடித்துப்போன அக்காக்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த மூன்று பதில்களையும் மடித்த தாளின் இரண்டு பத்தியிலும் எழுதுங்கள். பிறகு அப்பாவும் மகளும் சித்தப்பாவும் அதே தாளைப் பார்த்துப் பேசட்டும்.